ரெப்மாருக்கு இன்சென்டிவ் குடுத்தா சேல்ஸ் ஏறுது, அடுத்த மாசம் சாமான் திரும்பி வருது. எங்க பிழைக்குது?

லெமன்வாசம்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா வாசிச்சிட்டு பதில் போடுங்க.

நான் கொட்டாஞ்சேனை. மாபோலைல சின்னதா ஒரு இடம் வாடகைக்கு எடுத்து பாத்திரம் கழுவுற லிக்விட் செய்றோம், 500 மில்லி போத்தல், லெமன் ஒண்ணு பச்சை ஆப்பிள் ஒண்ணு (ஆப்பிளை ஏன் தொடங்கினோம்னு வீட்டுல இன்னும் சண்டை). கடைக்கு 238க்கு போடுறோம், போத்தல்ல அடிச்ச விலை 280, நமக்கு மூடி லேபல் பெட்டி லொறி எல்லாம் சேர்த்து 185 பிடிக்குது. ரெப் (கடை கடையா போய் ஓடர் எடுக்கிற ஆள்) மூணு பேர். ஒருத்தர் கொட்டாஞ்சேனை மட்டக்குளி கிராண்ட்பாஸ், ஒருத்தர் வெள்ளவத்தைல தொடங்கி தெஹிவளை கல்கிசை வரைக்கும், மற்றவர் வத்தளை ஹெந்தளை ஜாஎல.

பெரிய பிராண்ட்காரங்க மாதிரி டீவில விளம்பரம் போட நம்மளால ஏலாது, அதனால இருக்கிற காசை ரெப்மாருக்கும் கடைக்காரங்களுக்கும் குடுத்து தள்ளுவோம்னு நாலு மாசத்துக்கு முன்னால ஒரு ஸ்கீம் போட்டேன். ஒரு ரெப்புக்கு மாச டார்கெட் 6 லட்சம், அடிச்சா சம்பளத்துக்கு மேல 20,000. அடிக்காட்டி ஒண்ணுமில்ல. முதல் மாசம் மூணு பேரும் அடிச்சாங்க, நான் சந்தோசத்துல எல்லாருக்கும் புரியாணி எடுத்துக் குடுத்தேன். அடுத்த மாசம் முதல் பத்து நாள் ஓடர் ஒண்ணு ரெண்டு தான் வந்துச்சு, லொறி போகும்போது கொண்டு போனதை விட வரும்போது கொண்டு வந்த ரிட்டர்ன் கூட.

போன மாசம் மட்டக்குளி லைன் பையன் 25ஆம் திகதி வரைக்கும் 4 லட்சத்து 10 ஆயிரத்துல நின்னான். 31ஆம் திகதி பின்னேரம் பார்த்தா 6 லட்சத்து 5 ஆயிரம். எனக்கு சந்தேகம் வந்து அவனுக்குச் சொல்லாம ஸ்கூட்டர்ல போய் ஒரு ஏழெட்டு கடை பார்த்தேன். ஒரு கடைல அரிசி மூட்டைக்குப் பின்னால நம்ம பெட்டி ஆறு, டேப் கூட கிழிக்கல, மேல பூனை படுத்திருக்கு. முதலாளி சிரிச்சிட்டு சிங்களத்துல "மல்லி, மாசெ அந்திமட்ட தாலா கியா" அப்படின்னார். நம்ம ரெப் மாசக் கடைசில வச்சிட்டுப் போனாராம், விக்காட்டி பத்தாம் திகதிக்குப் பிறகு தூக்கிட்டுப் போறேன்னும் சொன்னாராம்.

அது ஒரு பிரச்சினை. மற்றது கடைக்காரங்களுக்கு 12 எடுத்தா 1 ஃப்ரீ இஷ்யூ குடுத்தேன், எடுத்தாங்க, நல்லா எடுத்தாங்க, ஆனா வீட்டுக்காரங்க கூட வாங்கின மாதிரி தெரியல. போத்தலோட பாத்திரம் தேய்க்கிற பஞ்சு ஒண்ணு ரப்பர் பேண்ட் போட்டு இலவசமா கட்டி விட்டேன், அதுக்கும் அசைவு இல்ல.

இப்ப மச்சான் ஒருத்தர் ஸ்கிராச் காட் போடு, வருசக் கடைசில ஒரு மோட்டார் சைக்கிள் குடுன்னு நிக்கிறார். ரெப்மாருக்கு எப்படிக் குடுக்கலாம், கடைக்காரருக்கா இல்ல வாங்கிறவங்களுக்கா குடுக்கணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, தியரி வேணாம்.


ரூட்7:

பதினொரு வருசம் ரெப் வேலை பார்த்தவன் நான், பெரிய கம்பனி ஒண்ணுல, பேர் வேணாம். உங்க பையன் மேல கோவப்படாதீங்க. நீங்க எதுக்குக் காசு குடுத்தீங்களோ அதைத்தான் அவன் செஞ்சிருக்கான். பில் அடிக்கிறதுக்குக் குடுத்தீங்க, பில் அடிச்சான்.

இதுக்கு எங்க பாஷைல லோடிங்னு பேர். 30ஆம் திகதி ராவு ஒம்போது மணிக்கு கிராண்ட்பாஸ்ல ஷட்டர் பாதி இறக்கின கடைக்குள்ள குனிஞ்சு போய் "அண்ணே ஒரு நாற்பதாயிரம் பில் போட்டுக்கிறேன், காசு அடுத்த மாசம் பார்ப்போம்"னு நின்னவன் தான் நானும். மாமாட கடை, மச்சாண்ட கடை, கடனாப் பழகின கடை, எல்லாத்துக்கும் அடிச்சிருக்கேன். ஒரு தடவை பில் மட்டும் 31ஆம் திகதி, சாமான் 3ஆம் திகதி தான் போச்சு.

ஆனா நீங்க பார்க்காத பக்கம் ஒண்ணும் இருக்கு. 6 லட்சத்தை 24ஆம் திகதியே அடிச்சிட்டான்னு வைங்க, மிச்ச ஆறு நாள் என்ன செய்வான்? தூங்குவான். இல்லாட்டி வர்ற ஓடரைக் கையில எழுதி பொக்கெட்ல வச்சு அடுத்த மாசம் 1ஆம் திகதி போடுவான். 6 லட்சத்துக்கு மேல ஒரு சதமும் இல்லையே, பிறகு என்னத்துக்கு? 5 லட்சத்து 90 ஆயிரத்துக்குப் பூச்சியம், 6 லட்சத்துக்கு 20,000ன்னா அந்தக் கடைசி பத்தாயிரத்துக்காக அவன் என்னவும் செய்வான், நானா இருந்தாலும் செய்வேன்.

அதனால முதல்ல அந்த மதிலை உடைங்க. 4 லட்சத்துல இருந்து தொடங்கி ஒவ்வொரு 50,000க்கும் இவ்வளவுன்னு படி படியா வைங்க, மேல மூடி போட வேணாம், 8 லட்சம் அடிச்சா அதுக்கும் சேர்த்து வாங்கட்டும். ரெண்டாவது, ரிட்டர்ன் கழிச்ச பிறகு தான் கணக்கு. மூணாவது, காசு கைக்கு வந்த பில்லுக்கு மட்டும் இன்சென்டிவ். செக் வாங்கினா செக் பேங்க்ல பாஸாகணும். இதைச் சொன்னா முதல் மாசம் மூஞ்சைத் தூக்கிட்டுத் திரிவாங்க, ஒருத்தன் விட்டுட்டும் போவான், போகட்டும்.

இன்னொண்ணு. ஒரு கடைக்கு மாசத்துல ஒரு தடவை மூணு பெட்டி போடுறதை விட மூணு தடவை ஒவ்வொரு பெட்டி போடுற ரெப் தான் உங்களுக்கு நல்லவன். திரும்ப ஓடர் குடுத்த கடை எத்தனைன்னு எண்ணி அதுக்கு ஒரு தொகை வைங்க. மாசத்துல ரெண்டாவது பில் விழுந்தா கடை ஒண்ணுக்கு ரெப்புக்கு 75 ரூபா, 100 ரூபான்னு என்னவாவது. ரெண்டாவது பில்லை ஏமாத்திப் போடுறது அவ்வளவு லேசில்ல, ஏன்னா முதல் பெட்டி காலியாகாம முதலாளி விடமாட்டார்.


சாமான்கடை_வெள்ளவத்தை:

கடைக்காரன்ட பக்கத்தையும் கேளுங்கோ. நான் வெள்ளவத்தையில பலசரக்குக் கடை வச்சிருக்கிறன், காலி வீதியில இல்ல, கடற்கரைப் பக்கம் இறங்குற ஒழுங்கை ஒண்டில.

உண்மையைச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. நீங்க குடுக்கிற அந்த 13ஆவது போத்தல் என்ர லாபம். அது சனத்துக்குப் போகாது. நான் 280க்கு விக்கிற சாமானை 260க்கு விக்கப் போறதில்லை, ஏன் விக்கோணும்? ஃப்ரீ இஷ்யூ இருக்கிற மாசம் கூட எடுத்து அடுக்குவன், இல்லாத மாசம் எடுக்க மாட்டன். பஞ்சைப் பற்றிக் கேட்டியள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினா என்ன நடக்கும்? சாமான் வந்து இறங்கின அண்டைக்கே கடைப் பெடியன் எல்லாத்தையும் கழட்டி ஒரு வாளியில போட்டு 40 ரூபாப்படி விக்கிறான். என்ர கடையிலயும் நடந்தது, நான் தான் சொல்லிச் செய்விச்சனான். கழட்ட ஏலாத மாதிரி பிளாஸ்டிக் உறை போட்டுச் சுருக்கி, உறையிலயே இலவசம் எண்டு பெரிசா அச்சடிச்சு வந்தா தான் அது வாங்கிற ஆளிட்டப் போகும்.

நான் எதை விப்பன் எண்டு கேட்டா, நான் ஒண்டையும் தள்ளி விக்கிறதில்லை. ஆள் வந்து "தம்பி பாத்திரம் கழுவுறது ஒண்டு தாங்கோ" எண்டா பெடியன்ட கைக்கு எது கிட்ட இருக்கோ அதை எடுத்து வைப்பான், அவ்வளவு தான். பேர் சொல்லிக் கேட்டா மட்டும் தான் ஏறி எடுப்பான். அப்ப நீங்க செய்ய வேண்டியது காசாளர் மேசைக்குப் பக்கத்துத் தட்டில இடம் பிடிக்கிறது. பெரிய கம்பனிகள் அந்த இடத்துக்கு மாசம் மாசம் காசு கட்டுது. உங்களுக்கு ஒரு முழம் இடம் காணும்.

மற்றது இதுகளும் இன்சென்டிவ் தான், ஒருத்தரும் நினைக்கிறேல்லை: கசிஞ்ச போத்தலை மறு பேச்சில்லாம மாத்தித் தாறது, 24 இல்லாம 12 போத்தல் பெட்டியில தாறது, ரெப் சொன்ன கிழமைக்குச் சொன்ன நாளில வாறது. என்ர கடைக்கு வாற ரெப்மாரில சொன்ன நாளுக்கு வாறவை ரெண்டு பேர், அவை கேட்டா நான் ஓம் எண்டு தான் சொல்லுவன்.


லெமன்வாசம்:

அண்ணே வாளில போட்டு 40 ரூபாவா!! அந்தப் பஞ்சு எனக்கு ஒண்ணு 22 ரூபா, ஐந்தாம் குறுக்குத் தெருவுல நாள் முழுக்க அலைஞ்சு எடுத்தது. சரி, நேர்மையா சொன்னதுக்கு நன்றி. ரூட்7 அண்ணே, படி படியா குடுக்கிறது விளங்குது, ஆனா காசு வந்த பிறகு தான் இன்சென்டிவ்னா 45 நாள் கடன்ல போட்ட பில்லுக்கு அவன் ரெண்டு மாசம் காத்திருக்கணுமே, அவ்வளவு நாள் ஆசை தாங்குமா?


ரூட்7:

தாங்காது. அதனால பாதியை பில்லுக்கு அந்த மாசமே குடுங்க, பாதியைக் காசு வந்தா குடுங்க. கடனை 45ல இருந்து 21ஆக்கப் பாருங்க, அவனே ஓடி ஓடி சேர்ப்பான் அவண்ட காசுக்காக. நான் பார்த்த வரைக்கும் கலெக்‌ஷனுக்கு இன்சென்டிவ் வச்ச இடத்துல தான் செக் திரும்புறது குறைஞ்சுது.


லெட்ஜர்அக்கா:

கணக்கு வேலை செய்றவ, அதனால நம்பர் பேசுறேன். தியரி வேணாம்னு சொல்லியிருக்கீங்க, இது தியரி இல்ல, கழித்தல்.

238ல 185 போனா ஒரு போத்தல்ல உங்களுக்கு 53 ரூபா. 12க்கு 1 ஃப்ரீன்னா 13 போத்தல் குடுத்து 12 போத்தல் காசு வாங்குறீங்க, 2,856ஐ 13ஆல பிரிச்சா ஒரு போத்தலுக்கு 219 ரூபா 70 சதம். அதுல 185 போனா மிச்சம் 34 ரூபா 70 சதம். வெளில பார்க்க எட்டு வீதம் கூட இல்லாத சின்னக் கழிவு மாதிரி தான் தெரியும், ஆனா உங்க லாபத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிருச்சு. அதே லாபத்தைத் திரும்ப எடுக்கணும்னா 1,000 போத்தல் போன இடத்துல 1,528 போத்தல் போகணும். ஒன்றரை மடங்கு. போச்சா? அதுவும் கடைக்குள்ள இல்ல, கடைல இருந்து வெளில? அதுக்கு மேல பஞ்சுக்கு 22 ரூபாவையும் கழிச்சுப் பாருங்க, 12 ரூபா சில்லறை மிஞ்சும். நீங்க அந்த மாசம் லிக்விட் வித்தீங்களா பஞ்சு பங்கிட்டீங்களான்னு எனக்கு விளங்கல.

ரெப்மார் விசயத்துல ஒண்ணு கவனம். இன்சென்டிவ்னு நீங்க என்ன பேர் வச்சாலும், விற்பனை வீதத்துல குடுக்கிற கொமிஷன் ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) கணக்குக்குள்ள வரும். நீங்க 12 வீதம், அவங்க சம்பளத்துல 8 வீதம், அதுக்கு மேல நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்க 3 வீதம். அப்ப 20,000 குடுத்தா உங்களுக்கு 23,000 செலவு. போனஸ், ஓவர்டைம் வேற கணக்கு. இதை இப்ப விட்டுட்டு ரெண்டு வருசம் கழிச்சு ஒருத்தன் கோவிச்சுக்கிட்டு தொழில் திணைக்களத்துக்குப் போனா சேர்த்து வச்சுக் கட்ட வரும், மிகை வரியோட. ஏபிஐடி (சம்பளத்துல மாசம் மாசம் கழிக்கிற வருமான வரி) பற்றிப் பயப்பட வேணாம், 2025 ஏப்ரல்ல இருந்து மாசம் ஒன்றரை லட்சம் வரைக்கும் வரி இல்ல, உங்க பையன்மார் அதைத் தாண்டினா நீங்க பார்ட்டி வைக்கலாம்.

டார்கெட்டைக் கூட்டிக் கூட்டி அமத்தினா என்ன ஆகும்ங்கிறதுக்கு அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க் கதையைத் தேடி வாசிங்க. ஒவ்வொரு கஸ்டமருக்கும் இத்தனை கணக்குத் திறக்கணும்னு டார்கெட் வச்சு நெருக்கினதுல ஸ்டாஃப் கஸ்டமர்மாருக்குத் தெரியாமலே கணக்குத் திறந்து வச்சிருந்தாங்க, 2016ல மாட்டிச்சு, 185 மில்லியன் டொலர் தண்டம், ஐயாயிரத்துக்கு மேல ஸ்டாஃபை வேற வீட்டுக்கு அனுப்பினாங்க. அந்தக் கணக்கும் உங்க பூனை படுத்திருந்த ஆறு பெட்டியும் ஒரே சாதி.


சும்மாபார்த்தன்:

எல்லாரும் ஸ்கீம் கதைக்கிறீங்க, லிக்விட் நல்லதா? எங்க வீட்டுல இப்படி ஒரு லோக்கல் போத்தல் வாங்கினாங்க, தண்ணி மாதிரி ஓடுது, அதுக்குப் பிறகு இலவசமா தந்தாலும் அம்மா எடுக்க மாட்டேங்கிறா.


லெமன்வாசம்:

நம்மட தண்ணி இல்ல சகோ, தடிப்பாத்தான் இருக்கு. ஆனா ஒரு ரகசியம் சொல்றேன், தடிப்பு வேற அழுக்குப் போறது வேற. உப்பு போட்டா தடிக்கும், சாதாரண கறி உப்பு தான், அளவு மிஞ்சினா திரும்பத் தண்ணியாப் போயிரும், முதல் பேட்ச்ல 200 லீட்டர் அப்படிப் போனது. இருந்தாலும் ஆக்கள் போத்தலைச் சரிச்சுப் பார்த்துத் தான் வாங்குறாங்க, அதுக்கு நான் என்ன செய்ய.


பழையசோனகத்தெரு:

தம்பி, நான் ஹாட்வெயார் சாமான், வேற லைன், ஆனா ஸ்கீம் பார்த்துப் பார்த்து மயிர் நரைச்சவன். ரெண்டு விசயம் சொல்லிட்டுப் போறன்.

ஒண்டு, பரிசு. ஒரு கம்பனி 2022 ஜனவரில எங்களுக்கு, டீலர்மாருக்கு, இவ்வளவு டன் எடுத்தா குடும்பத்தோட வெளிநாட்டு டிரிப் எண்டு சொன்னாங்க. அப்ப டொலர் 200 ரூபா. நாங்களும் லோன் போட்டு எடுத்து அடுக்கினோம். மார்ச்ல ரூபாவைப் பிடிச்சு வைக்காம மிதக்க விட்டாங்க, மே ஆகும்போது டொலர் 360. டிரிப் இல்லை, பதிலுக்கு ஆளுக்கு ஒரு ரைஸ் குக்கர் வந்திச்சு. எண்ட பொஞ்சாதி அந்த டிரிப்புக்கு சூட்கேஸ் கூட வாங்கி வச்சவ. அந்த ரைஸ் குக்கர் இன்னும் பெட்டிய விட்டு வெளிய எடுக்கல்ல, அந்தக் கம்பனி சாமானை நான் அதுக்குப் பிறகு முன்னுக்கு வைக்கிறதும் இல்லை. சொன்னதைக் குடுக்க ஏலுமெண்டா மட்டும் சொல்லுங்க. பவுண் காசு குடுக்கிறன் எண்டு வருச முன்னால சொல்லிடாதீங்க, செட்டியார் தெருல பவுண் விலை கேட்டுப் பார்த்திட்டுக் கதைங்க.

ரெண்டாவது, யாருக்குக் குடுக்கிறது எண்டது. எங்கட லைன்ல சுவருக்குப் பூசுற பட்டி வாளிக்குள்ள ஒரு டோக்கன் கிடக்கும், அது எனக்கும் இல்லை, வீட்டுக்காரனுக்கும் இல்லை, பெயின்ட் பாஸுக்கு, அதாவது பெயின்ட் அடிக்கிற வேலையாளுக்கு. ஏனெண்டா எந்த வாளி வாங்கிற எண்டு சொல்றவர் அவர். வீட்டுக்காரன் காசு குடுப்பார், நான் எடுத்துக் குடுப்பன், தீர்மானிக்கிற ஆள் பாஸ். கம்பனிக்கு அது தெரியும். (அது சரியா பிழையா எண்டு கேட்டா, வீட்டுக்காரன்ட காசுல பாஸுக்குப் பரிசு, எனக்கு மனசுக்குப் பெரிசா ஒப்பல்ல, ஆனா நடக்குது.) உங்கட போத்தலை எது எண்டு சொல்றது யார்? வெள்ளவத்தை அண்ணன் சொன்ன மாதிரி கடைப் பொடியன் ஒருத்தன், வீட்டுல சிங்க் முன்னால நிக்கிற ஆள் மற்றது. பொடியனுக்குக் குடுக்கிறதெண்டா முதலாளிக்குச் சொல்லிட்டுக் குடுங்க, ஒளிச்சுக் குடுத்து மாட்டினா உங்கட சாமான் தெருவுல நிக்கும்.

மோட்டார் சைக்கிளை மறந்திடுங்க. 1992ல பிலிப்பைன்ஸ்ல பெப்ஸி மூடிக்குள்ள நம்பர் அடிச்சு பத்து லட்சம் பீசோ பரிசு எண்டு விளையாடினாங்க. 349 எண்ட நம்பர் ஒண்டு ரெண்டு மூடில இருக்க வேண்டியது, பிழையா லட்சக்கணக்கான மூடில அச்சாகிட்டு, அதே நம்பரை டீவில வெற்றி நம்பரா வாசிச்சிட்டாங்க. சனம் தெருவுக்கு இறங்கி லொறி எரிச்சிச்சு. அவங்க பெப்ஸி, தாங்கினாங்க. நீங்க மாபோலைல ஒரு வாடகை இடம்.


கோப்பிக்குடிசை:

நான் பம்பலப்பிட்டில ஒரு சின்ன கோப்பிக் கடை, ஸ்டாம்ப் காட் அனுபவம் இருக்கு அதனால எழுதுறேன். முதல்ல 10 கோப்பி குடிச்சா 1 இலவசம்னு காட் போட்டோம். அநேகமானோர் ரெண்டு மூணு ஸ்டாம்ப்போட தொலைச்சாங்க. பிறகு தங்கச்சி ஒரு ஆராய்ச்சி பற்றிச் சொன்னா, 2006ல வெளியானது, கார் கழுவுற இடம் ஒண்ணுல செஞ்சது. பாதிப் பேருக்கு 8 கட்டம் உள்ள காட், மிச்சப் பேருக்கு 10 கட்டம், ஆனா அதுல 2 ஸ்டாம்ப் முதலே குத்திக் குடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் கழுவ வேண்டியது 8 தடவை தான். முதல் கூட்டத்துல 19 வீதம் பேர் முடிச்சாங்க, ரெண்டு ஸ்டாம்ப் இனாமா கிடைச்ச கூட்டத்துல 34 வீதம். ஏற்கனவே தொடங்கிட்டோம்ங்கிற நினைப்பு தான். நாங்களும் அப்படி மாத்தினோம், முடிச்ச காட் கூட வர ஆரம்பிச்சுது, எவ்வளவுன்னு நான் எண்ணி வைக்கல.

ஆனா பிறகு ஒரு மாசத்துல திடீர்னு இலவசக் கோப்பி மழை. பார்த்தா நாங்க பாவிச்ச பூ முத்திரை புறக்கோட்டைல எந்தப் புத்தகக் கடைலயும் கிடைக்கிறது, கம்பஸ் பிள்ளைகள் ஒண்ணு வாங்கி வகுப்புக்கே குத்திக் குடுத்திருக்கு! எனக்குக் கோவம் வரல, சிரிப்பு தான் வந்துச்சு. இப்ப போன் நம்பர்ல பதியுறோம்.

உங்க சாமானுக்கு வருவோம். கோப்பி கிழமைக்கு மூணு தடவை குடிக்கிறது. பாத்திரம் கழுவுற போத்தல் ஒரு வீட்டுல எவ்வளவு நாள் போகும்? எங்க வீட்டுல நாலு கிழமை. பத்து போத்தலுக்குப் பரிசுன்னா பத்து மாசம், யார் காத்திருப்பா. மூணு மூடி கொண்டு வந்தா நாலாவது போத்தல்ல 100 ரூபா குறைவு, அந்த மாதிரி கிட்டத்துல வைங்க. மூடி வந்தா போத்தல் வீட்டுல முடிஞ்சதுன்னு அர்த்தம், எந்த ரெப்பும் மாசக் கடைசில பொய் மூடி செய்ய மாட்டான்.


ரூட்7:

கடைசி வசனத்துல மட்டும் எனக்கு நம்பிக்கை இல்ல, ரெப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியாது 😄 மூடியைத் தனியா வாங்கிற இடம் எதுன்னு அவனுக்குத் தெரியாதா? மூடிக்கு உள்பக்கம் ஏதாவது அடையாளம் அச்சடிங்க, மாசம் மாசம் நிறத்தையும் மாத்துங்க. ஆனா யோசனை நல்லது. மூடியைக் கடைக்காரர் வாங்கி வச்சு ரெப்கிட்ட குடுக்கட்டும், ஒரு மூடிக்கு அவருக்கும் 5 ரூபா. அப்ப எந்தக் கடைல இருந்து உண்மைல சாமான் வெளில போகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும், ரெப் சொல்ற கதை தேவையில்ல.


லெட்ஜர்அக்கா:

100 ரூபா குறைவுன்னா 4 போத்தலுக்குப் பரவினா போத்தலுக்கு 25, மூணு மூடிக்குக் கடைக்காரருக்கு 15 குடுத்தா அதுவும் சேர்ந்து கிட்டத்தட்ட 29. 53ல 24 மிச்சம். இது 12க்கு 1ஐ விட மோசம். 100ஐ 50 ஆக்கினா போத்தலுக்கு 16 ரூபா சில்லறை, அது ஃப்ரீ இஷ்யூ செலவை விடக் குறைவு, அதோட எல்லாரும் மூடி கொண்டு வரப் போறதில்ல. ரெண்டையும் ஒண்ணா மட்டும் ஓட்டாதீங்க, ஃப்ரீ இஷ்யூவை நிப்பாட்டிட்டு இதைத் தொடங்குங்க. அதோட ஒரே லைன்ல ரெண்டு மாசம் செஞ்சு பாருங்க, மற்ற ரெண்டு லைனும் பழைய மாதிரியே போகட்டும், இல்லாட்டி ஏப்ரல் சீசனுக்கு ஏறினதா ஸ்கீமுக்கு ஏறினதான்னு உங்களுக்கே தெரியாது.

இலவசம், குறைவுன்னு லேபல்ல அடிச்சா சொன்னபடி குடுக்கணும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003ன் 9ஆம் இலக்கம், ஆக்களை ஏமாத்துற மாதிரி நடந்துக்கிறது அதுல குற்றம். எத்தனையாம் திகதி வரைக்கும்னு கட்டாயம் போடுங்க.


லெமன்வாசம்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு வரும்னு நினைக்கல. இப்ப இருக்கிற முடிவு இது. 12க்கு 1 இந்த மாசத்தோட முடியுது. ரெப்மாருக்கு 4 லட்சத்துல இருந்து படி, ரிட்டர்ன் கழிச்சு, பாதி பில்லுக்கு பாதி காசுக்கு, ரெண்டாவது பில் விழுந்த கடை ஒண்ணுக்கு 75 ரூபா. மூடி விசயத்தை வெள்ளவத்தை லைன்ல மட்டும் 50 ரூபாவுக்கு ரெண்டு மாசம் பார்க்கிறேன். பெட்டி 12 போத்தலாகுது, புதுப் பெட்டிக்கு அச்சுக்காரன் இன்னும் விலை சொல்லல. பஞ்சு 1,800 மிஞ்சிக் கிடக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.

இன்னைக்குக் காலைல மூணு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். வத்தளைக்காரர் தலையாட்டினார். மட்டக்குளிப் பையன் ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு "அண்ணே, போன மாச ரிட்டர்னையும் கழிப்பீங்களா"ன்னு கேட்டான். இல்ல, இனிமேல் தான்னு சொன்னேன். அதுக்குப் பிறகு தான் தேத்தண்ணியைக் குடிச்சான்.


சாமான்கடை_வெள்ளவத்தை:

நல்லது. லெமன், மஞ்சள் லேபல், மூடி பச்சையோ? அப்பிடியெண்டா உங்கட ரெப் போன மாசம் 29ஆம் திகதி என்ர கடையில மூண்டு பெட்டி வச்சிட்டுப் போனவர், மேல் தட்டில கிடக்கு, ஒண்டு தான் உடைச்சனான். உண்மையான விலாசத்தை இன்பொக்ஸில அனுப்புறன், ரெப்பை அனுப்பாதேங்கோ, நீங்க வாங்கோ, காசாளர் மேசைக்குப் பக்கத்தில ஒரு முழம் இடம் தந்தா மாசம் எவ்வளவு தருவியள் எண்டு கதைப்பம்.